தும்பிக்கை நுழையாத பானை

ஆனைவாரி என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் ஓலை போடும் நாளன்று யார் யார் வந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் கணக்கு இடிக்கும். வயல் வைத்திருந்த வீடு ஐம்பத்தெட்டு. ஆடு மாடு மேய்க்கிற வீடு இருபத்தேழு. தறி வீடு இருபத்து நாலு. கொல்லரும் தச்சருமாக ஒன்பது. துணி வெளுக்கிறவர்கள் ஆறு. செக்கு ஆட்டுகிறவர்கள் ஐந்து. பானை வனைகிறவர்கள் மூன்று. சுவடி படிக்கிற வீடு பதினொன்று. ஆக மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. ராஜாவும் அவருடைய யானையும் இந்தக் கணக்கில் இல்லை, அவர்கள் விருந்தாளிகள்.

என்ன ஓலை என்றா கேட்கிறீர்கள்? அந்த ஊர் ஏரிக்கு வருஷத்துக்கு ஒரு தலைவர். யாருக்கு எப்போது தண்ணீர், எந்த மடையை எப்போது திறப்பது என்று அவர்தான் சொல்வார். அவரை எப்படி எடுப்பார்கள்? அடுப்புக்கு ஓர் ஓலை. எந்த வீட்டில் அடுப்பு புகைகிறதோ அந்த வீட்டுக்காரர் பெயரைக் கணக்கப்பிள்ளை எழுதிப் பானையில் போடுவார், போட்டதும் ராஜாவின் யானை தும்பிக்கையை உள்ளே விட்டு ஓர் ஓலையை எடுக்கும், எடுத்த ஓலையில் யார் பெயரோ அவர்தான் தலைவர். யானைக்கு எழுதப் படிக்கத் தெரியாது பாருங்கள், அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அந்தப் பானையை வனைகிறவள் காத்தாயி. புருஷன் போன பின்பு அடுப்பும் அவள் பெயரில், சக்கரமும் அவள் கையில். தும்பிக்கை நுழைகிற பானை என்றால் லேசா? இரண்டு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வர வேண்டும். அன்றைக்கு மேய்க்கிறவர்கள் மோர் கொண்டு வருவார்கள், செக்கு வீட்டார் யானைக்கு எள்ளுப் பிண்ணாக்கு கொண்டு வருவார்கள், தும்பிக்கை உள்ளே போகிற நேரம் மட்டும் கைக்குழந்தை முதற்கொண்டு மூச்சுக் காட்டாது. ஒரு வருஷம் செக்கு ஆட்டுகிற பொன்னுருவி தலைவராக வந்தாள், ஒரு வருஷம் கொல்லர் வந்தார், ஏரியும் நிரம்பியது, வடிந்தது, மறுபடி நிரம்பியது. ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பெரிய ராஜா போய்ச் சேர்ந்தார். சின்ன ராஜா யானையோடு போருக்குப் போனார். அந்த நேரம் பார்த்து, தலைநகரத்தில் பன்னிரண்டு வருஷம் படித்த தில்லைநாயகப் பண்டிதர் ஊர் திரும்பினார். ஓலை நாளைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

"ஏரி பெரிய விஷயம். தற்குறிகளிடம் விடலாமா? தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவன் மட்டும் வரட்டும்."

ஊர் என்ன சொல்லிற்று? "அதுவும் சரிதானே, நமக்கென்ன தெரியும்" என்று தலையைச் சொறிந்தது. காத்தாயியும் அப்படித்தான் நினைத்தாள், அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். தொண்ணூற்றொன்று கழிந்தது, ஐம்பத்திரண்டு நின்றது.

"காத்தாயி, இனி அவ்வளவு பெரிய பானை எதற்கு? குடம் போதும்." அவளும் குடம் வனைந்தாள். யானை ஊரில் இல்லாததால் பண்டிதரே கையை விட்டு எடுத்தார்.

மறு வருஷம், "பெயர் எழுதினால் போதுமா? நூறு பாட்டு மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்" என்றார். முப்பத்திரண்டு கழிந்தது, இருபது நின்றது. "காத்தாயி, கலயம் போதும்." அவளும் கலயம் வனைந்தாள்.

அதற்கும் மறு வருஷம், "பாட்டைக் கிளிகூடச் சொல்லும். தலைநகரத்தில் படித்திருக்க வேண்டும்" என்றார். பதிமூன்று கழிந்தது, ஏழு நின்றது. "காத்தாயி, ஒரு சின்ன முட்டி போதும்." அவளும் முட்டி வனைந்தாள்.

ஏழு பேரில் ஒருவர் தலைவரானால் தண்ணீர் எங்கே போகும்? ஏழு பேர் வயலுக்குத்தான் போயிற்று. மேய்க்கிறவர்கள் ஏரிக்கரையில் கால் வைக்கக் கூடாது என்று வேலி போட்டார்கள். கடைசியில், பானைக்கு ஏரி மண் எடுக்கவும் ஒரு தேர்வு வந்தது.

"மண்ணுக்கு எத்தனை குணம், சொல்" என்றார் பண்டிதர்.

"கையில் எடுத்தால் தெரியும் சாமி."

"எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்."

"எடுக்காமல் எப்படிச் சாமி தெரியும்?"

"அதற்குத்தான் நூல் இருக்கிறது. எட்டு குணம். நீ தோற்றாய், போ."

அது புரட்டாசிக் கடைசி. மழை விழுந்தால் ஏரி நிரம்பிவிடும், பிறகு ஒரு வருஷத்துக்கு மண் கிடையாது. மண் இல்லாவிட்டால் சக்கரம் இல்லை, சக்கரம் இல்லாவிட்டால் சோறு இல்லை, சோறு இல்லாவிட்டால் இந்த ஊரே அவளுக்கு இல்லை. மற்ற இரண்டு பானை வீட்டாரும் மூட்டை கட்டிவிட்டார்கள், வண்டி பூட்டுவதுதான் பாக்கி.

அப்போது ஆள் வந்தது: போர் முடிந்தது, ராஜா யானையோடு ஓலை நாளுக்கு வருகிறார். பண்டிதர் வேகுவேகென்று காத்தாயி வீட்டுக்கு வந்தார்.

"அவசரம், ஒரு முட்டி வேண்டும்."

"மண் எங்கே சாமி?"

"பழைய மண் இருக்குமே."

"போன வருஷமே வழித்துப் போட்டாகிவிட்டது. ஏரியில் எடுக்கலாம் என்றால் நான் தோற்றவள். ஜெயித்தவர்கள் ஏழு பேர் இருக்கிறீர்கள், குணம் எட்டு. ஆளுக்கு ஒன்று பார்த்துக்கொண்டால் ஒன்றுதான் மிஞ்சும். அதையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தால் முட்டி ஆகிவிடாதா?"

பண்டிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார்கள். முதல் முட்டி கூழாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது முட்டி வெயிலில் வாய் பிளந்தது. மூன்றாவது முட்டி எப்படியோ நின்றது, சுடப் பயந்து, சுட்டதுபோல் தெரியட்டும் என்று காவியைப் பூசினார்கள்.

ராஜா வந்தார். யானை தும்பிக்கையை நீட்டியது, நுழையவில்லை. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தது, அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தது, மூக்கில் காவி ஏறி ஒரு தும்மல் போட்டது. முட்டி மண்ணாகிவிட்டது, ஏழு ஓலையும் பண்டிதர் மடியில் வந்து விழுந்தன.

"இதென்ன?" என்றார் ராஜா. "அப்பா மடியில் உட்கார்ந்து நான் வந்தபோது இரண்டு பேர் தூக்கி வந்தார்களே, அந்தப் பானை எங்கே? மோர் கொடுத்தவர்கள் எங்கே? மீதி ஊர் எங்கே?"

மீதி ஊர் வேலிக்கு அப்பால் நின்றது. காத்தாயிதான் வேலியை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ராசா, பானையைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று ஓலைக்கு வனைந்தேன். அப்புறம் ஐம்பத்திரண்டுக்கு, அப்புறம் இருபதுக்கு, அப்புறம் ஏழுக்கு. சின்னதாகச் செய் என்றபோது ஏன் என்று நான் கேட்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது. இனி எனக்குச் சின்னது வராது. மண் கொடுத்தால் பழைய அளவில் செய்கிறேன்."

ராஜா பண்டிதரைப் பார்த்தார். "எழுதத் தெரிய வேண்டும் என்றீர், நல்ல ஆசைதான். தெரியாதவர்களுக்கு ஓர் எழுத்தாவது சொல்லிக்கொடுத்தீரா?"

பண்டிதர் மடியில் விழுந்த ஓலைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"கழித்தீரே தொண்ணூற்றொரு பேர், அத்தனை பேரும் தம் பெயரை எழுதும்வரை நீர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் ஓலை இன்றே பானைக்குள் போகும், கணக்கப்பிள்ளை எழுதுவார். கடைசி ஆள் எழுதும்வரை உம்முடைய ஓலை மட்டும் வெளியே நிற்கும்."

அப்புறம் என்ன, வேலி அவிழ்ந்தது. தறிக்காரர்கள் மண் சுமந்தார்கள், மேய்க்கிறவர்கள் வரட்டி கொடுத்தார்கள், வயல்காரர்கள் வைக்கோல் கொடுத்தார்கள், ராஜாவும் ஒன்பது நாள் கூடாரம் போட்டுக் காத்திருந்தார். பத்தாம் நாள் இரண்டு பேர் பானையைத் தூக்கி வந்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு ஓலை உள்ளே போயிற்று. யானை எடுத்த ஓலையில் துணி வெளுக்கிற மாடத்தி பெயர் இருந்தது. மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மழையும் பிடித்துக்கொண்டது.

பண்டிதர் மணல் தட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். உலைக்களத்தில் சொல்லிக்கொடுத்தார், தறிக்குழியில் சொல்லிக்கொடுத்தார், செக்கைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். முதல் வருஷம் முப்பது பேர் எழுதினார்கள். இரண்டாம் வருஷம் நாற்பத்து நாலு பேர். மூன்றாம் வருஷம் பதினாறு பேர்.

அதற்குப் பிறகு தினமும் காத்தாயியின் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் அவர் உட்காருவார்.

"'கா' போடு."

"போட்டேன் சாமி."

"அடுத்தது?"

"மறந்துபோச்சு சாமி. நாளைக்கு வாங்க."

நிஜமாகவே மறந்துபோயிற்றா என்று கேட்காதீர்கள். அவள் வனைந்த பானைகளின் அடியில் என்ன கீறியிருக்கிறது என்று யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

பானை நிறைந்தது, ஏரி நிறைந்தது, பிறரைக் கழித்தவர் தன்னைக் கூட்டிக்கொள்ள முடியாமல் நின்றார். என் கதையும் நின்றது. எழுதக் கற்றவர் தொண்ணூறு, பாக்கி ஒன்று.