ஈயம் போன அண்டா

வெகு காலத்துக்கு முன்னால், மூன்று வருஷம் மழை பெய்யாத ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தான். நல்ல ராஜாதான். நல்ல ராஜாவும் தப்புக் கணக்குப் போடுவான் என்பது கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். கேளுங்கள். அடுப்படியில் நிற்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுங்கள்.

முதல் வருஷம் ஏரி வற்றியது. இரண்டாம் வருஷம் ஆறு வற்றியது. மூன்றாம் வருஷம் ஆடு மாடுகளின் மடி வற்றியது. ராஜா களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். ஊருக்கு ஒரு கஞ்சித்தொட்டி வைத்துக் கம்பங்கஞ்சி காய்ச்சி ஊற்றுங்கள் என்றான். கம்பு மூட்டையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம். ஒரு மணிகூடச் சிந்தாமல் காய்ச்சி ஊற்றுகிற கையை எங்கே தேடுவது?

எல்லையோரத்து ஊர் ஒன்றில் அந்தக் கையைத் தேடி ராஜாவே வந்தான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வீட்டுக் கொல்லைக்குப் போய் மூன்று குப்பைக்குழியை எட்டிப் பார்த்தான். முதல் குழியில் சோற்றுப் பருக்கை கிடந்தது. பஞ்சத்திலும் அப்படிச் சில வீடுகள் உண்டு. இரண்டாம் குழியில் காய்த்தோல் கிடந்தது. மூன்றாம் குழியில் ஒன்றுமே இல்லை. நாய்கூட மோந்து பார்க்காத குழி.

அது நாச்சாத்தாள் என்கிற கைம்பெண்ணின் வீடு.

அவள் வீட்டில் எதுவும் குப்பையாகாது. கம்பு களைந்த கழுநீர் ஆட்டுக்குப் போகும். பீர்க்கங்காய் வாங்கினால் தோல் துவையலாகும், முற்றிய கூடு காய்ந்து உடம்பு தேய்க்கும் நாராகும். தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகினால் அகப்பை. கரைத்து முடித்த புளிச்சக்கையும் அடுப்புச் சாம்பலும் பித்தளை துலக்க. சேலை கிழிந்தால் மகளுக்குப் பாவாடை, பாவாடை கிழிந்தால் சட்டி இறக்கும் கரித்துணி, கரித்துணியும் கிழிந்தால் விளக்குக்குத் திரி. திரி எரிந்த பிறகுதான் அந்தச் சேலைக்கு விடுதலை.

கஞ்சப் பிசினாரி என்று ஊர் சொன்னது. ஊர் எதைத்தான் சொல்லாது? அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. முதல் பிள்ளை பிறந்து செத்தது. இரண்டாம் பிள்ளையும் பிறந்து செத்தது. மூன்றாவதாகப் பிறந்த பெண்ணை, அந்த நாட்டு வழக்கப்படி முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் போட்டு, யாரோ வீசிய பிள்ளையை எடுப்பதுபோல எடுத்து வந்தாள். குப்பைதானே என்று எமன் திரும்பிப் பார்க்காமல் போவான் என்பது நம்பிக்கை. குப்பாயி என்று பெயர் வைத்தாள். பிள்ளை தங்கியது. புருஷன் பஞ்சத்தில் போனபிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஏழு வயசுக் குப்பாயி ஒருத்திதான்.

"குப்பையில இருந்து எடுத்ததுதான் எனக்கு நிலைச்சுது. எதையும் வீசறதுக்கு எனக்குக் கை வராது" என்பாள்.

வெறுங்குழியைக் கண்ட ராஜா மனம் குளிர்ந்து போனான். கஞ்சித்தொட்டி அவள் பொறுப்பாயிற்று. ஆள் உயரத்துப் பித்தளை அண்டா ஒன்று வந்தது. கூடமாட வேலைக்கு வேலாத்தாள் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். தினமும் முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் குப்பாயியும் நின்றாள். தன் மகளுக்கென்று நாச்சாத்தாள் ஒரு வாய் கூட்டியும் ஊற்றவில்லை, குறைத்தும் ஊற்றவில்லை. மழை வருகிறவரை அவளைப் பிழைக்க வைத்துவிட்டால் போதும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நன்றாகத்தான் நடந்தது. மற்ற ஊர்களில் இருபது நாளில் தீர்ந்த மூட்டை இங்கே முப்பது நாள் வந்தது. அண்டாவைத் தினமும் புளிச்சக்கையும் சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். அது பொன்னாகப் பளபளத்தது. பித்தளைக்குள்ளே வெள்ளை வெளேரென்று ஈயம் பூசியிருந்தால் அது சமையல் பாத்திரம். உள்ளேயும் மஞ்சள் பளபளத்தால் என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே வாருங்கள்.

அதை முதலில் எடுத்துச் சொன்னவன், ஊர் ஊராகப் போய் ஈயம் பூசுகிறவன்.

"அம்மிணி, உள்ள ஈயம் பூராத் தேஞ்சு போச்சுங்க. அண்டாவை ஒரு நாளைக்குக் குடுங்க, பூசித் தர்றேன். கூலிக்கு ரெண்டு படி கம்பு போதுமுங்க" என்றான்.

"ரெண்டு படி கம்புல இருவது பேருக்குக் கஞ்சி ஊத்துவனுங்க. அண்டா ஒரு நாள் சும்மா கெடந்தா முந்நூறு பேரு பட்டினி. அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம்.

இரண்டாவதாகச் சொன்னவள் வேலாத்தாள். ஒரு நாள் சாயங்காலம் புழுதிக்காற்று அடித்து, பாதிப்பேர் வரவில்லை. கால் அண்டாக் கஞ்சி மிஞ்சியது. மிஞ்சியதை மண்பானைக்கு மாற்றிவிடுவதுதான் எந்த அடுப்படியிலும் வழக்கம். நாச்சாத்தாள் மாற்றவில்லை. கெடாமல் இருக்கட்டும் என்று, மடி முழுக்க வற்றாத ஒற்றை மாடு வைத்திருந்த இடையன் வீட்டில் வீசப்போன புளித்த மோரை வாங்கி வந்து அண்டாவிலேயே ஊற்றிக் கலக்கினாள்.

"அக்கா, பித்தளையில புளிப்பு நின்னாப் பச்சைக் களிம்பு ஏறுமுங்க. நான் பானையைக் கழுவித் தர்றேன்."

"மண்பானை ரெண்டு அகப்பைக் கஞ்சியைத் தானே குடிச்சுரும் புள்ள. ஓரத்துல ஒட்டறது வேற வீணு. ஒரு ராத்திரியில என்ன ஆயிரும், மூடி வை."

வேலாத்தாள் மூடி வைத்தாள்.

விடிந்து திறந்தபோது கஞ்சியைச் சுற்றி ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. வேலாத்தாள் பார்த்தாள். நாச்சாத்தாளும் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். வெளியே முந்நூறு பேர். அன்றைக்கு வரவேண்டிய கம்பு வண்டி வந்து சேரவில்லை. அண்டாவில் இருப்பதில் தண்ணீர் விட்டுக் கரைத்தால் பிள்ளைகளுக்காவது ஆளுக்கு அரைக் கொட்டாங்கச்சி வரும். கொட்டினால் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் ஒரு நாள் பட்டினியைத் தாங்குவார்கள், பிள்ளைகளும் தாங்கியிருப்பார்கள். ஆனால் கொட்டுவது என்ற நினைப்பே அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. புளிச்சக்கையை எடுத்துப் பச்சையை வழித்துத் துடைத்தாள். பச்சை போய்விட்டது. போனது ஓரத்துப் பச்சைதான்.

மூன்றாவதாகச் சொன்னது காக்கை. அங்கே யாருக்கும் ஊற்றுமுன் முதல் அகப்பையைக் கல்லின்மேல் காக்கைக்கு வைப்பார்கள். பஞ்சத்துக் காக்கை, கையைத் தட்டிப் பறிக்கிற காக்கை. அன்றைக்கு ஒன்று வந்து ஒரு வாய் கொத்தியது. தலையை உதறியது. அலகைக் கல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துவிட்டுப் பறந்து போனது. மற்றவை இறங்கவே இல்லை.

நாச்சாத்தாள் அந்தக் கல்லருகே போனாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? காக்கை தொடாத கஞ்சியை வழித்தெடுத்துத் திரும்ப அண்டாவிலேயே போட்டாள்.

பிள்ளைகளை முதலில் கூப்பிட்டாள். குப்பாயி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, காசைச் சப்புன மாதிரி இருக்குது."

"குடி கண்ணு. வீணாக்கப்படாது."

அம்மா சொன்னதைத் தட்டாத பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் குடித்தாள். கொட்டாங்கச்சியை விரலால் வழித்து நக்கினாள், அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது. சமைத்தவள் கடைசியில்தான் உண்ண வேண்டும் என்பது தொட்டியின் நியாயம். அதனால் நாச்சாத்தாள் வாயில் ஒரு சொட்டும் படவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் தெருவெல்லாம் வாந்தி. பச்சைப் பச்சையாய் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சுருண்டார்கள். கொடுக்க மோரில்லை, பாலில்லை, வெந்நீர் மட்டும்தான் இருந்தது. பஞ்சம் தின்று மீதி வைத்த உடம்புகள் அவை. பொழுது சாய்வதற்குள் பதினோரு பிள்ளைகள் செத்துப் போனார்கள். பதினோராவது குப்பாயி. கடைசிவரை அம்மாவின் மடியில் கிடந்து, "வீணாக்கலைம்மா, பூராக் குடிச்சேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராஜா வந்தான். மூன்று கேள்வி கேட்டான்.

"ஈயம் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பச்சை பூத்தது தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பிறகு ஏன் ஊற்றினாய்?"

"கொட்ட மனசு வரலீங்க" என்றாள். வேறு எதையும் சொல்லவில்லை. ஈயக்காரன்மேலும் பழி போடவில்லை, மோர் கொடுத்த இடையன்மேலும் போடவில்லை.

ராஜா தலை கவிழ்ந்தான். "உன் குழியில் என்ன இல்லை என்று பார்த்தேனே தவிர, எதைக் குழியில் போட வேண்டும் என்று உனக்குத் தெரியுமா என்று நான் பார்க்கவில்லை. இதில் பாதி என் தப்பு" என்றான். தண்டனை எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இனிமேல் எதைத் தண்டனையாகக் கொடுப்பது?

பாத்திரம் வார்க்கிற கன்னான் ஒருவன் அந்த அண்டாவைத் தட்டிப் பார்த்து, "நல்ல பித்தளைங்க. உருக்கினா நாப்பது தண்ணிச் செம்பு வார்க்கலாம்" என்றான்.

"வேண்டாம்" என்றாள் நாச்சாத்தாள். தன் கொல்லைக்குப் போனாள். அந்த வெறுங்குழியைத் தன் கையாலேயே ஆள் ஆழத்துக்குத் தோண்டினாள். அண்டாவை உருட்டி வந்து அதில் தள்ளினாள். சேலைத்துணியில் தைத்த குப்பாயியின் பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்தாள். கரித்துணிக்கு ஆகும், பிறகு திரிக்கு ஆகும் துணி அது. அதை அண்டாவுக்குள் மடித்து வைத்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். வாழ்நாளில் அவள் கொட்டிய முதல் குப்பை அதுதான்.

ஒன்பதாம் நாள் மழை பெய்தது. ஆறு நிறைந்தது, ஏரி நிறைந்தது, மாட்டுமடியும் நிறைந்தது. நாச்சாத்தாள் கையால் ஊரில் யாரும் அதற்குப்பிறகு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவளும் யாருக்கும் கொடுக்கவில்லை.

கேட்டவர்களே, மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கெட்டதைக் கொட்டவும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சிக்கனமே உயிரைக் குடித்துவிடும்.