படிக்கட்டுப் பக்கம்

ஒரு குளத்தில் ஒரு விமானம் இருந்தது. குளம் என்றதும் தண்ணீரைத் தேட வேண்டாம். மூன்று கோடையாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த குளம் அது. விமானம் என்றதும் ஆள் ஏறுகிற படியையும் தேட வேண்டாம். இரண்டு முழ நீளம், தெர்மாகோல் போன்ற வெள்ளை உடம்பு, வாலில் ஒரு சிவப்புக் கோடு. கையில் தூக்கினால் ஒரு பூசணிக்காயின் கனம்கூட வராது.

ஆனால் பயம் மட்டும் பெரிய விமானத்துக்கு வேண்டிய அளவு இருந்தது. அன்று காலை அது முதல்முறையாகப் பறக்க வேண்டும்.

அதன் மூக்கில் இருந்த மோட்டாருக்கு வயதாகிவிட்டது. உடம்பெல்லாம் கீறல். "உனக்கு இதற்கு முன் பறந்த பழக்கம் உண்டா?" என்று விமானம் மெதுவாகக் கேட்டது.

"உண்டு. எனக்கு இது மூன்றாவது உடம்பு."

"முதல் இரண்டும் எங்கே?"

"பரண்மேல் ஒரு சாக்கில் இருக்கின்றன. கேட்காதே, பறக்கிற நேரத்தில் நல்ல பேச்சாகப் பேசுவோம்."

கேட்காதே என்றால் யார்தான் கேட்காமல் இருப்பார்கள்? விமானம் விடாமல் நச்சரித்தது. மோட்டாருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"முதல் விமானத்தின் மூக்கில் நம் முதலாளி ஒரு எலுமிச்சம்பழம் கட்டினார். அது விழுந்தது. பழத்தின் கனத்தால் விழுந்தது என்று சொல்லி, இரண்டாவதற்குப் பழம் கட்டவில்லை. அதுவும் விழுந்தது. பாவம், எலுமிச்சம்பழம். பழி மட்டும் அதன்மேல் நின்றுவிட்டது."

"பிறகு எதனால்தான் விழுந்தன?"

"தெரிந்தால் நான் ஏன் மூன்றாவது உடம்பில் இருக்கிறேன்? ஒன்று மட்டும் தெரியும். இரண்டும் போகும்போது நன்றாகத்தான் போயின. திரும்பி வரும்போதுதான் விழுந்தன."

காற்றில்லாத நேரத்திலும் விமானத்தின் வால் நடுங்கியது.

நடுக்கம் விமானத்துக்கு மட்டும் இல்லை. பத்தடி தள்ளி, ரிமோட்டின் குச்சியைத் தொட்டுக்கொண்டிருந்த வலது கட்டைவிரலுக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. அது பிரம்மநாயகத்தின் விரல். பிரம்மநாயகம் இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். போன ஆடியில் முதுகுத்தண்டு தேய்ந்துபோய், இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் டிக்கெட் மெஷின்களுக்கு சார்ஜ் போடுகிற வேலை கொடுத்தார்கள். ஒன்றையாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இந்த விமானங்களை வாங்க ஆரம்பித்தார்.

இரண்டு விழுந்ததும் வீட்டில் பேச்சு வந்தது. "இதுவும் விழுந்தா அத்தோட விட்டுருதேன், போதுமா?" என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கொடுத்த வாக்கை அவர் மீறுகிற ஆளில்லை. அதுதான் விரலுக்குப் பயம்.

"இதுவும் போய்விட்டால் எனக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று விரல் புலம்பியது. "உப்புத் தொட்டு ருசி பார்க்கவும், பென்ஷன் தாளில் ரேகை வைக்கவும்தானா?"

"புலம்பாதே. ஒழுங்காகத் தள்ளு," என்றது ரிமோட்.

"போனமுறை நான் ஒழுங்காகத்தான் தள்ளினேன். வலப்பக்கம் போகச் சொன்னேன். அது இடப்பக்கம் போய் விழுந்தது. நடுவில் நீதான் ஏதோ மாற்றிச் சொல்லியிருக்கிறாய்."

ரிமோட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வலது என்றாய், நான் வலது என்றேன். நீ இடது என்றிருந்தால் இடது என்றிருப்பேன். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை நான். என்மேல் பழி போடாதே."

"அப்படியானால் விமானம்தான் கேட்கவில்லை."

"அதை அதனிடமே கேள்."

விரலால் கேட்க முடியாது. அங்கேதான் சங்கடம். விரல் சொல்வது ரிமோட் வழியாக விமானத்துக்குப் போகும். விமானம் சொல்வது திரும்பி வருவதற்கு வழி கிடையாது.

அன்று பிரம்மநாயகத்தோடு தேவசகாயமும் வந்திருந்தார். பதினாறு வருஷம் அவர் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அன்று அவருக்கு வார ஓய்வு. முந்திய இரண்டு தடவையும் அவருக்கு டூட்டி இருந்தது, வரமுடியவில்லை.

அவர்கள் தடத்தில் ஓர் ஊர் உண்டு. அங்கே கோயில் தேர் தெருவில்தான் நிற்கும். ஒரு பக்கம் தேர், மறுபக்கம் மூடியில்லாத சாக்கடை, நடுவே பேருந்து போக இடம் விட்டால் ஒரு சாண் மிச்சம். அந்த இடம் வந்ததும் தேவசகாயம் இறங்கிவிடுவார். பேருந்துக்கு முன்னால் போய், அதன் முகத்தைப் பார்த்து நின்று, பின்னோக்கி நடந்தபடி, "படிக்கட்டுப் பக்கம் ஒடிங்க... போதும்... டிரைவர் பக்கம் கொஞ்சம்... வாங்க, வாங்க" என்று கூட்டிக்கொண்டு வருவார். படிக்கட்டுப் பக்கம் என்றால் இடது. டிரைவர் பக்கம் என்றால் வலது. ஒடிப்பது என்றால் ஸ்டியரிங்கைத் திருப்புவது. பதினாறு வருஷத்தில் பேருந்து அந்தத் தேரைத் தொட்டதில்லை. அந்தக் குரலைக் கேட்டால் பிரம்மநாயகத்தின் கைகள் யோசிப்பதில்லை, திரும்பிவிடும்.

"அண்ணாச்சி, கை இப்பிடி ஆடுதே?" என்றார் தேவசகாயம்.

"பயமா இருக்குவே. பஸ்ஸுன்னா நாம உள்ள இருக்கோம். எது நடந்தாலும் நமக்கும் நடக்கும். இது அங்க போயி நிக்கும், நான் இங்க நிப்பேன். விழுந்தா அது மட்டும்லா விழும்?"

"விழாது. போடுங்க."

பிரம்மநாயகம் முதலில் ரிமோட்டின் சுவிட்சைப் போட்டார், பிறகு விமானத்துக்கு பேட்டரியை மாட்டினார். குச்சிகளை ஆட்டிப் பார்த்தார். இறக்கையும் வாலும் சொன்னபடி அசைந்தன. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவதுபோல ரிமோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேவசகாயம் விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"ரை...ட்!" என்று பழக்கதோஷத்தில் கத்தி, விசிறிவிட்டார்.

விமானம் ஒருகணம் தரையை நோக்கி இறங்கியது. பிறகு மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க, மெல்ல ஏறியது. பனைமர உயரம், அதற்கும் மேலே.

"பறக்கிறேன்!" என்று விமானம் கத்தியது.

"இப்போது பறப்பாய்," என்றது மோட்டார். "இது போகிற பயணம்."

போகிற பயணம் நன்றாகவே இருந்தது. விரல் இடது என்றால் விமானம் இடது, வலது என்றால் வலது. பிரம்மநாயகத்தின் முகத்தில் சிரிப்புகூட வந்தது. குளத்தின் அக்கரைக்குப் போனதும் விரல் குச்சியை மெதுவாகத் தள்ளியது. விமானம் வட்டமடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னை அனுப்பியவரை நோக்கி வரத் தொடங்கியது.

"இனிமேல்தான்," என்றது மோட்டார்.

கரைமேல் இருந்து ஒரு வெப்பக்காற்று எழுந்து விமானத்தின் இடது இறக்கையை மேலே தூக்கியது. வலது இறக்கை தாழ்ந்தது. விமானம் தன் வலப்பக்கமாக ஒதுங்கியது.

எதிரே நின்ற பிரம்மநாயகத்துக்கோ அது அவருடைய இடப்பக்கமாக ஒதுங்கியது. அந்தப் பக்கம் முழுக்கக் கருவேலங்காடு. முதல் விமானம் குத்திக்கொண்டு செத்த இடம்.

"கருவேலத்துக்குப் போகிறது! வலது, வலது!" என்று விரல் அலறிக் குச்சியைத் தள்ளியது.

"வலது," என்றது ரிமோட்.

"வலதா? நான் ஏற்கனவே வலப்பக்கம்தானே சாய்ந்திருக்கிறேன்!" என்று விமானம் கதறியது. "இன்னும் சாயவா?"

"சொன்னதைச் செய். திருப்பிப் பேச நமக்கு வழியில்லை," என்றது மோட்டார். முந்திய இரண்டு உடம்புகளிலும் அது கேட்ட அதே கதறல்.

விமானம் சாய்ந்தது. இன்னும் வேகமாகக் கருவேலங்காட்டுக்குப் போனது.

"கேட்க மாட்டேன் என்கிறதே!" விரல் குச்சியைக் கடைசிவரை வலப்பக்கம் நெட்டியது. இருபத்திரண்டு வருஷம் ஹாரன் அமுக்கின விரல் அது. ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்னும் பலமாக அமுக்குவது.

இறக்கை ஒன்று வானத்தையும் ஒன்று தரையையும் காட்டியது. பனைமர உயரம் பாதியாகிவிட்டது.

"போச்சுவே, மூணாவதும் போச்சு!" என்று கத்தினார் பிரம்மநாயகம்.

தேவசகாயத்துக்கு ரிமோட்டும் தெரியாது, குச்சியும் தெரியாது. அவர் கண்ணுக்கு அது விமானமாகவே படவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு, ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, தன்னை நோக்கி வருகிற ஒரு வண்டி. அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது.

"படிக்கட்டுப் பக்கம் ஒடிங்க அண்ணாச்சி! படிக்கட்டுப் பக்கம்!"

படிக்கட்டுப் பக்கம் என்றால் இடது. இடது என்றால் கருவேலங்காடு. எதில் விழப்போகிறதோ அந்தப் பக்கமே திருப்பச் சொல்கிறது குரல். கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் விரல் கேட்டிருக்காது. ஆனால் அந்தக் குரலுக்கு அது யோசித்துப் பழகியதில்லை. பயந்துகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பதுபோல, குச்சியை இடப்பக்கம் தள்ளியது.

"இடது," என்றது ரிமோட்.

"அப்பாடா!" என்றது விமானம்.

தாழ்ந்துகிடந்த இறக்கை எழுந்தது. உயர்ந்து நின்ற இறக்கை இறங்கியது. கருவேலத்தின் உச்சிக்கொப்பு ஒன்று விமானத்தின் வயிற்றை உரசி, 'சர்ர்' என்று ஒரு கோடு போட்டது. அவ்வளவுதான். விமானம் நிமிர்ந்து, இரண்டு பேரின் தலைக்கு மேலாக வந்து, பின்னால் இருந்த வெட்டவெளியில் புழுதி பறக்க வயிற்றால் இறங்கி நின்றது.

பிரம்மநாயகம் முதுகு வலியையும் மறந்து ஓடிப்போய் விமானத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் கீறல் விழுந்த வயிற்றைத் தடவிப் பார்த்தது. தொட்டபிறகுதான் விரலும் விமானமும் முதல்முறையாகப் பேசிக்கொண்டன.

"நான் வலது என்றேன். ஏன் கேட்கவில்லை?"

"கேட்டேனே! நீ சொல்லச் சொல்ல வலப்பக்கம்தான் சாய்ந்தேன். எனக்கு முன்னால் போனவர்களும் கேட்டார்கள். கேட்டதால்தான் விழுந்தார்கள்."

"ஆனால் நான் பார்த்தபோது..."

"உன் கண்ணுக்குத்தான் அது இடது. போகும்போது நீ என் முதுகுக்குப் பின்னால் இருந்தாய், உன் வலதும் என் வலதும் ஒன்று. நான் திரும்பி உன்னிடம் வந்தேன். நீ நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாய்."

இத்தனை நாளும் விரல் தன் பேச்சைக் கேட்காமல் செத்தன என்று யாரைத் திட்டிக்கொண்டிருந்ததோ, அவை இரண்டும் பேச்சைக் கேட்டுச் செத்தவை. அது மோட்டாரின் கீறல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

"ஓய், இதுல படிக்கட்டு எங்கவே இருக்கு?" என்று கேட்டார் பிரம்மநாயகம்.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? மூஞ்சியக் காட்டிக்கிட்டு வந்துச்சு. தேர்த்தெருவுல நம்ம வண்டி வாரது மாதிரியே இருந்துச்சு. வாய்க்கு வந்துட்டு, கத்திட்டேன்."

பிரம்மநாயகம் விமானத்தைத் தன்னைப் பார்த்தபடி திருப்பிப் பிடித்தார். அதன் இடது இறக்கையைத் தொட்டார். தொட்டது அவருடைய வலது கை. மறுபடியும் தொட்டார். பிறகு பரண்மேல் கிடக்கிற சாக்கை நினைத்தாரோ என்னவோ, கண் கலங்கிவிட்டது.

"பதினாறு வருசம் எனக்கு எதிர்த்தாப்புல நின்னுதான கூப்பிட்டீரு," என்றார். "ஒருநாள்கூட ஒம்ம இடதுகைப் பக்கத்த இடதுன்னு சொன்னதில்லையே வே?"

தேவசகாயம் வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"சொல்லியிருந்தா அந்தத் தேரு என்னைக்கோ வெறகாயிருக்கும்லா, அண்ணாச்சி."