மாடி வீட்டைக் காட்டியவள்

"மடத்தம்மா, என் மாடி வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டேங்காங்க," என்றார் ஆவுடையப்பன்.

மடத்தம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆற்றங்கரை மடத்துக்கு அவள் வந்து பத்து வருஷம். நாற்பது வயதுதான் இருக்கும். அறுபதைத் தாண்டிய ஆவுடையப்பன் அவளைத்தான் குருவாக வரித்துக்கொண்டு, வியாழன்தோறும் எதிரே வந்து உட்காருவார். ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார் மனுஷர்.

"பாக்க வாறாங்களா?"

"வாறாங்க. நல்லாயிருக்குங்காங்க. சொல்லி அனுப்புதோம்ங்காங்க. அதோட சரி."

"வாடகைக்கு அவ்வளவு அவசரமா?"

"வாடகை கிடக்கட்டும்மா." அவர் குரல் இறங்கியது. "போன மாசம் என் வீட்டுக்காரி உலகம்மா குளியலறையில விழுந்துட்டா. ஏற்கெனவே ஒரு பக்கம் கையும் காலும் வராது. நான் கடைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கேன், ஈரத் தரையில கிடக்கா. காலையிலேருந்து கூப்பிட்டிருக்கா. கேக்க ஆள் இல்ல. வேலையையும் விட முடியாது. மாடியில ஒரு குடும்பம் இருந்தா..."



மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கேன், அண்ணாச்சி."

ஆவுடையப்பன் ஜவுளிக்கடையில் முப்பது வருஷமாகச் சேலை விரித்துப் போடுகிறவர். எந்தச் சேலை எந்த வெளிச்சத்தில் எடுபடும், பழுதை எந்த மடிப்புக்குள் தள்ள வேண்டும், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கைதான் வீட்டையும் ஜோடித்திருந்தது. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. காலி அறையில் இரவல் சோபா. ஓதம் ஏறிய சுவரை மறைத்து ஒரு பெரிய மயில் படம். சாம்பிராணி வேறு.

மடத்தம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். "நல்லாயிருக்கு," என்றாள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க."

படியிறங்கி வந்தால், கீழே பின்னறைக் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"உள்ள யாரு?"

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "உலகம்மாதான். வீடு பாக்க ஆள் வந்துட்டுப் போற வரைக்கும் எப்பவும் இப்படித்தான், ஒரு அரை மணி நேரம். சீக்காளி இருக்கிற வீடுன்னா மிரண்டுருவாங்கல்லா?"

மடத்தம்மா தாழ்ப்பாளை நீக்கினாள். அவர் கையிலிருந்த மாடிச் சாவியை வாங்கி, உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த உலகம்மாவின் நல்ல கையில் வைத்தாள்.

"இனிமே வீட்டைக் காட்டுறது அக்காதான்."

"அவளால படியேற முடியாதேம்மா."

"ஏற வேண்டாம்."

அவ்வளவுதான். ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் நடையைக் கட்டிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஆவுடையப்பன் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார். இவளைப் போய்க் குரு என்று நினைத்தோமே என்று கூடத் தோன்றியது. ஆனால் சாவியைத் திரும்ப வாங்க மட்டும் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெபமணி என்றொரு பெண் வீடு பார்க்க வந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். உலகம்மா முன்னறை நாற்காலியில் இருந்தபடியே சாவியை நீட்டினாள்.

"நீயே போய்ப் பாத்துட்டு வா, தாயி. மயில் படத்துக்குப் பின்னால ஓதம் உண்டு. மத்தியானம் வெக்கை தாங்காது. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இதுவும் போச்சு.

"அப்புறம், நான் விழுந்து கிடந்தா கேக்க ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் குடிவைக்கோம்."

ஜெபமணி சாவியை வாங்கினாள். உடனே போகவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லிருதேன், அக்கா. பகல் பூரா மெஷின் கடகடன்னு ஓடும். இப்ப இருக்கிற வீட்டுல அதுக்குத்தான் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"ஓடட்டும். மேல ஆள் இருக்குன்னு எனக்கும் தெரியும்லா."

அவள் மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, அக்கா விழுந்த இடத்துல நின்னு ஒரு சத்தம் குடுங்க. இங்க கேக்குதான்னு பாக்கணும்."

ஆவுடையப்பன் குளியலறைக்குள் போய் நின்றார்.

"நின்னா எப்படி?" என்றாள் உலகம்மா, நாற்காலியிலிருந்தே. "கிடந்துல்லா கூப்பிட்டேன்."

அவர் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் படுத்தார். ஈரம் முதுகில் ஏறியது.

"அன்னைக்கு என்னன்னு கூப்பிட்ட?"

"‘ஏங்க’ன்னுதான். வேற என்னன்னு கூப்பிடுவேன்?"

அவர் தலையையும் ஈரத் தரையில் சாய்த்துக்கொண்டார்.

"ஏங்க," என்று கூப்பிட்டார்.

மேலே சத்தமில்லை.

"ஏங்க."

ஒரு ஜன்னல் திறக்கிற ஓசை. "இப்பக் கேக்குது, அண்ணாச்சி. மெஷினை இந்த ஜன்னல்கிட்டயே போட்டுக்கிடுதேன். போதும், வெளிய வாங்க."

ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை.