வா என்றால் வராத நாய்

“இந்த நாய் சொன்ன பேச்சு கேட்காது,” என்றார் மாசிலாமணி. “உட்காருன்னா உட்காரும். நில்லுன்னா நிற்கும். வான்னா மட்டும் ஓடும்.”

“எந்தப் பக்கம் ஓடும்?” என்றாள் நித்திலை.

“எனக்கு எதிர்ப் பக்கம்! நேத்து பைபாஸ் ரோட்டுக்கே ஓடிடுச்சு. லாரிக்காரன் பிரேக் போட்டதால பிழைச்சுது.”

மாசிலாமணி ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். நித்திலை அந்த ஏரிக்கரை ஆசிரமத்தின் குரு. அவர் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். இந்தச் சின்னப் பொண்ணுக்கு நான் சீடனா என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு. எப்பேர்ப்பட்ட நாயையும் அவள் பழக்கிவிடுவாள் என்று ஊரே சொன்னது. ஊரே ஒன்றைச் சொன்னால் அவருக்குச் சந்தேகம்தான் வரும்.

“உங்க நாயா?”

“என் மக அருள்விழி வளர்த்தது. மிளகுன்னு பேரு. இது லாரியில மாட்டிச்சுன்னா, அவ எங்கூட ஜென்மத்துக்கும் பேசமாட்டா. நீங்கதான் இதை அடக்கித் தரணும்.”

“எனக்கு அடக்கத் தெரியாது ஐயா. கூப்பிடத்தான் தெரியும்.”

புங்கமரத்தடியில் நின்றிருந்த நாயைப் பார்த்தாள்.

“மிளகு, வா.”

வந்தது.

காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். “போ,” என்றாள்.

போனது.

மறுபடி கூப்பிட்டாள். வந்தது. மறுபடி விட்டாள்.

மாசிலாமணி கண்ணைச் சுருக்கினார். சர்வீஸில் இதைவிடப் பெரிய மோசடியெல்லாம் பார்த்தவர் அவர்.

“முந்தானையில என்ன முடிஞ்சு வெச்சிருக்கீங்க?”

உதறிக் காட்டினாள். ஒன்றுமில்லை.

“அப்போ கையில கருவாடு தேய்ச்சிருக்கீங்க.”

கையை நீட்டினாள். குனிந்து மோந்து பார்த்தார். பாத்திரம் விளக்கிய புளி வாசம்.

“நாய்க்குப் புளி பிடிக்குமோ?”

“விசாரணை முடிஞ்சுதுன்னா நீங்க கூப்பிடுங்க ஐயா.”

நெஞ்சை நிமிர்த்தினார். ஸ்டேஷனே நடுங்கிய குரல் அது.

“மிளகு! வா!”

நாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் பார்க்க முயன்றது.

“பின்னாடி என்ன?” என்றாள் நித்திலை.

“சங்கிலி.”

“எதுக்கு?”

“இது என்ன கேள்வி? வந்ததும் கட்டணும்ல? கட்டுறதுக்கு இல்லேன்னா எதுக்குக் கூப்பிடணும்?”

அவள் கையை நீட்டினாள். முறைத்தபடியே சங்கிலியைக் கொடுத்தார்.

“மக எங்க இருக்காங்க?”

“வெளியூர்ல. படிக்கிறாளாம். தினமும் போன் போட்டு வான்னு சொல்றேன், வர மாட்டேங்குறா. திமிரு.”

“கடைசியா எப்போ வந்தாங்க?”

“பொங்கலுக்கு. வந்த அன்னைக்கே அவ சர்ட்டிபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான்! அதுக்குள்ள சுவரேறிக் குதிச்சுப் போயிட்டா.” குரலில் கோபம். கோபத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமை. “போலீஸ்காரன் மக.”

நித்திலை நடந்துபோய் ஏரிப் படிக்கட்டில் நின்றாள். சங்கிலி பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“ஐயா, இங்க வாங்க.”

மாசிலாமணி ஓர் அடி வைத்தார். நின்றார்.

“வாங்க ஐயா. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.”

“முதல்ல அந்தக் கையை முன்னால காட்டுங்க,” என்றார். அவர் கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

புங்கமரத்தடியில் மிளகின் கழுத்தும் சாய்ந்திருந்தது.

அதைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“மிளகுக்கு ஏதாவது ஆச்சா?” மகளின் முதல் கேள்வியே அதுதான்.

“இல்லம்மா. நல்லா இருக்கு.”

“சரி. நான் வரமாட்டேன்.”

“வரச் சொல்லலம்மா. உன் சர்ட்டிபிகேட்டை எல்லாம் காலேஜ் விலாசத்துக்குக் கூரியர்ல அனுப்பிடுறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வெச்சிடட்டுமா?”

அவள் போனை வைக்கவில்லை.

“அப்பா,” என்றாள் கடைசியில். “இதுல என்ன உள்குத்து?”