நாற்பத்தொரு பெயர்கள்

பெயரைச் சொன்னால்தான் பிணம் நகரும். அந்த மலையில் அதுதான் வழக்கம்.

வியட்நாமின் வடக்கு மலைகளில் ஓர் ஊர் அது. அங்கே பேசுவது பா-ஹங் மொழி. எல்லைக்கு அப்பால் சீனத்து மலைகளிலும் அந்த மொழி பேசும் ஊர்கள் உண்டு. குவாங்சியில் கொஞ்சம், குவெய்சோவில் கொஞ்சம், ஹூனானில் கொஞ்சம். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வைத்தாலும் ஒரு பெரிய நகரம் நிரம்பாது. முன்னோர்கள் அந்தப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவர்கள். ஆகவே செத்தவர்களும் வந்த வழியே நடந்து திரும்ப வேண்டும் என்று அந்த ஊரில் நம்பினார்கள்.

செத்தவருக்கு வழி தெரியாது. சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு பாடகர் நடந்துபோய், வழியிலுள்ள இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடுவார். அதுதான் வழிப்பாட்டு. மொத்தம் நாற்பத்தொரு இடங்கள். ஒரு பெயரைப் பாடும்போது பெட்டி தூக்குகிறவர்கள் நடப்பார்கள். அந்தப் பெயர் முடிந்தால் நிற்பார்கள். அடுத்த பெயர் தொடங்கினால் மறுபடி நடப்பார்கள். நடுவழியில் பெட்டியைத் தரையில் இறக்கக் கூடாது. ஒரு பெயர் விட்டுப்போனால் செத்தவர் அங்கேயே தங்கிவிடுவார். அப்படித் தங்கினவருக்கு முன்னால் சொந்தமும் இல்லை, பின்னால் வீடும் இல்லை.

பாடகரின் பெயர் ஹுங் சிம். முப்பத்தெட்டு வயதுப் பெண். அப்பாவிடம் கற்றுக்கொண்டவர். பெண்பிள்ளை பிணத்துக்கு முன்னால் நடப்பதா என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். செத்தவர்கள் யாரும் முணுமுணுக்காததால் பேச்சு அடங்கிவிட்டது.

சிம்முக்கு ஒரே ஒரு சீடர். லான் தோ. அறுபத்திரண்டு வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சிம்முக்கே மூன்றாம் வகுப்பு எடுத்தவர். வகுப்பில் யாராவது பா-ஹங் பேசினால் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார். சிம் அந்த வருஷம் முழுவதும் கடைசி பெஞ்சில்தான் இருந்தார். அரசாங்க மொழி பேசினால்தான் பிள்ளைகள் முன்னுக்கு வருவார்கள் என்று தோ மனதார நம்பினார். நல்ல மனுஷர். மேலேயிருந்து என்ன காகிதம் வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். உலகத்தில் பாதிக் காரியம் கெடுவது இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால்தான்.

ஓய்வுபெற்ற மறுமாதம் தோ, சிம்மின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு வழிப்பாட்டு சொல்லித் தரணும்."

"எதுக்கு?"

"எங்க அண்ணன் ஸெங்குக்கு எண்பது வயசு ஆகுது. அவருக்கு நம்ம மொழியைத் தவிர வேற எதுவும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா, நம்ம மொழி?"

தோ தலையைக் குனிந்துகொண்டார். சிம் உள்ளே வரச் சொன்னார்.

அன்றிலிருந்து தோ சிம்மை 'குருவே' என்பார். சிம் தோவை 'வாத்தியாரே' என்பார். கேட்கிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்றே புரியாது. இரண்டு வருஷத்தில் தோ நாற்பத்தொரு பெயர்களையும் மனப்பாடம் செய்தார். ஆனால் சிம் வீட்டு அடுப்படியைத் தாண்டி ஒரு பெயரைக்கூட அவர் பாடியதில்லை.

மூன்றாம் வருஷம், மழை தொடங்கும்போது, ஸெங் இறந்துபோனார்.

காலையிலேயே ஊர் அலுவலகத்திலிருந்து வின் என்ற அதிகாரி வந்தார். சமவெளிக்காரர், இளைஞர், மரியாதை தெரிந்தவர். தோவுக்கு மகன் வயதுதான் இருக்கும். துக்கம் விசாரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார்.

வழிப்பாட்டில் வெளிநாட்டு இடங்களின் பெயர்கள் வருகின்றனவாம். அவற்றையெல்லாம் எழுதி, மொழிபெயர்த்து, மாவட்டத்துக்கு அனுப்பி, அனுமதி வாங்க வேண்டுமாம். ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள பெயர்களை மட்டும் பாடலாம்.

தோ விரல் விட்டு எண்ணினார். இந்தப் பக்கம் பத்தொன்பது. அந்தப் பக்கம் இருபத்திரண்டு.

"பத்தொன்பது மட்டும்தான் பாடுவோம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஐயா" என்றார் வின்.

தோ போட்டுக் கொடுத்தார். நாற்பது வருஷம் பழகின கை. காகிதத்தைப் பார்த்ததும் தானாக நீண்டுவிட்டது.

பிறகு சிம்மைத் தேடிப் போனார். சிம் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"குருவே, பத்தொன்பது போதும்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"யாருக்குப் போதும்?"

"கோவிச்சுக்காதீங்க. எதிர்த்து நின்னா பாட்டையே நிறுத்திடுவாங்க. இருக்கறதையாவது காப்பாத்திக்கலாமே. மீதியை அனுமதி வந்ததும் இடுகாட்டுல நின்னு பாடிடலாம்."

"அதுவரைக்கும் உங்க அண்ணன் எங்கே இருப்பார்?"

"பத்தொன்பதாவது இடத்துல."

"அது எது?"

தோ, "பிரம்புப் பாலம்" என்றார்.

"மழைக்காலம்" என்றார் சிம். தலைத்துணியின் முனையைச் செருகிக்கொண்டு எழுந்தார். "சரி வாத்தியாரே. நீங்க கையெழுத்துப் போட்டபடியே பாடறேன்."

தோவுக்கு உயிர் வந்தது. இரண்டு வருஷம் கூடவே இருந்தும், குரு சண்டை போடாமல் சரி என்றால் பயப்பட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருக்கவில்லை.

எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஸெங்கின் இரண்டு மாப்பிள்ளைகள் முன்னால். சிம் வாசலிலிருந்து முதல் பெயரை எடுத்தார். நண்டு ஓடை. இரண்டாவது, அக்காள் பிரிந்த முக்கு. மூன்றாவது, புலி தூங்கிய பாறை. ஒவ்வொரு பெயரிலும் யாரோ நின்றிருந்தார்கள், யாரோ அழுதிருந்தார்கள், யாரோ பசியோடு படுத்திருந்தார்கள். அவர்களையெல்லாம் வழிநெடுகப் பார்த்துக்கொண்டே ஸெங் போனார்.

ஊரைத் தாண்டினால் அலுவலகம். அலுவலகத்தைத் தாண்டினால் இடுகாட்டுக்கு ஏற்றம். அன்றைக்கு சிம் ஒரு பெயரை இழுத்துப் பாடினார், ஒரு பெயரைச் சட்டென்று முடித்தார். ஏன் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதினெட்டாவது பெயர் வாழைத்தோப்பில் முடிந்தது. பத்தொன்பதாவது பெயர், பிரம்புப் பாலம், அலுவலக வாசலுக்கு நேர் எதிரே முடிந்தது.

சிம் வாயை மூடிக்கொண்டார்.

தூக்கியவர்கள் நின்றார்கள். பின்னால் வந்த ஊர் நின்றது. மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. உள்ளேயிருந்து வின் வெளியே வந்தார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"வழி முடிஞ்சுபோச்சு" என்றார் சிம். அரசாங்க மொழியில்தான் சொன்னார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் நன்றாகவே படித்திருந்தார்.

"இடுகாடு மேலே இருக்கே."

"அது நாங்க போற வழி. அவர் போற வழி பத்தொன்பதோட முடிஞ்சதுன்னு உங்க காகிதம் சொல்லுது."

"சரி, பாடாம சும்மா நடந்து போங்க."

"எந்த இடத்துக்குன்னு சொல்லி நடக்கறது?"

வின் பெட்டியைப் பார்த்தார். தன் அலுவலகப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் இங்கேயே நிப்பீங்க?"

"ஒரு மாசம்னு நீங்கதானே சொன்னீங்க."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாப்பிள்ளைகளில் மூத்தவருக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபடி நேரானது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, ஸெங் அப்படித்தான் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

தோ சிம்மின் அருகில் போனார்.

"குருவே, பாடிடுங்க. பெட்டி விழுந்துடும்."

"நான் எப்படிப் பாடறது? இருபதாவதை நான் பாடினா உங்க கையெழுத்து பொய்யாயிடுமே. என் வாத்தியார் கையெழுத்தை நானே பொய்யாக்கலாமா?"

"குருவே…"

"உங்க கையெழுத்தை நீங்கதான் அழிக்கணும்."

தோ திரும்பி அண்ணனின் பெட்டியைப் பார்த்தார். சின்ன வயதில் அந்த அண்ணன்தான் அவரை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். தான் ஒருநாளும் உள்ளே நுழையாத பள்ளிக்கூடம். அங்கே தம்பி படித்ததெல்லாம் கடைசியில் அண்ணனைப் பாதி வழியில் நிறுத்தி வைக்கிற ஒரு கையெழுத்துக்குத்தான் உதவியிருக்கிறது. தோவுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார். இருபதாவது பெயர் மெல்ல வந்தது.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கலை, வாத்தியாரே" என்றார் சிம்.

தோ மூச்சை இழுத்து, நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தை நடுங்க வைத்த தொண்டையைத் திறந்தார். உப்பு தீர்ந்த மேடு. எல்லைக்கு அப்பால் முதல் இடம். பெட்டி நகர்ந்தது.

"ஐயா, நிறுத்துங்க" என்றார் வின். "நான் மேலே எழுதியாகணும்."

தோ நிறுத்தவில்லை. இரட்டைப் பிள்ளைகள் பிறந்த குகை. தேன் ஒழுகிய மரம். சிப்பாய்கள் எரித்த ஏழு வீடு. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஒரு பெயரின் நடுவில் குரல் உடைந்து அழுதுவிட்டார். அழுகையோடேயே அந்தப் பெயரை முடித்தார். வின் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, செருப்பில் சேறு அப்ப, கூட்டத்துக்குப் பின்னால் ஏறி வந்தார். நாற்பத்தொன்றாவது பெயரில் ஸெங் போய்ச் சேர்ந்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள்.

மண் தள்ளி முடிந்ததும் வின் வந்தார்.

"நான் அறிக்கை எழுதணும். என்னென்ன பெயர் பாடினீங்க, யார் பாடினதுன்னு. எனக்கு இந்தச் சத்தமெல்லாம் எழுத வரலை." அவர் நோட்டில் மூன்று வரி எழுதி மூன்றையும் அடித்திருந்தார்.

பெட்டி தூக்கிய எட்டுப் பேரில் ஒருவர், "தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்று தோவின் காதில் சொன்னார்.

"எழுதிக் குடுங்க, வாத்தியாரே" என்றார் சிம். "நாற்பத்தொண்ணும். தப்பில்லாம உச்சரிக்கற மாதிரி, தெளிவா."

தோ ஒரு கல்லில் உட்கார்ந்து, அரசாங்க மொழியின் எழுத்தில் எழுதினார். வகுப்பில் கரும்பலகையில் எழுதுவாரே, அந்தக் கையெழுத்து. எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்றுகூடக் குறித்தார். கடைசியில், 'பாடியவர், லான் தோ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தமுறை கை தானாக நீளவில்லை. யோசித்துத்தான் போட்டார்.

வின் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தது. குருவும் சீடரும் பின்தங்கி நடந்தார்கள். பாதி இறக்கத்தில் தோ நின்றார்.

"குருவே, இன்னைக்குப் பாடினதுக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. விசாரிக்கட்டும். அதுக்கு நான் பயப்படலை."

"அப்புறம்?"

"அந்தப் பட்டியல்தான் உறுத்துது. நூறு வருஷமா அவங்க கைக்குப் போகாத பெயருங்க. நானே என் கையால எழுதிக் குடுத்திருக்கேன். இனிமே மேஜையில வச்சு, இது கூடாது, இது கூடாதுன்னு ஒவ்வொண்ணா அடிப்பாங்க. எதுக்குக் குடுக்கச் சொன்னீங்க?"

சிம் தலைத்துணியை அவிழ்த்து உதறினார்.

"அடிக்கணும்னா ஒருத்தர் வாய்விட்டு வாசிக்கணும், இன்னொருத்தர் அடிக்கணும். வாசிக்கட்டும் வாத்தியாரே. அந்த அலுவலகம் கட்டி முப்பது வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நம்ம பேச்சுல ஒரு வார்த்தைகூட இன்னும் கேட்டதில்லை."