எவ்வளவு இறுக்கறது

ஆவாரம்பாளையத்துல ஒரு பட்டறை. குரு கருணாம்பாளுக்கு முப்பத்தாறு வயசு. சிஷ்யர் சென்னியப்பனுக்கு அம்பது தாண்டியாச்சு. பஞ்சாலையை மூடினதுக்கப்புறம் இரும்பு வெட்டற மில்லிங் மிஷின் கத்துக்க வந்தவரு. அவரு குருவை "அம்மிணி"ம்பாரு, குரு அவரை "அண்ணா"ம்பாங்க. மத்தபடி குருகுலம் முறையாத்தான் நடந்துட்டிருந்துச்சு.

அன்னைக்கு மேஜை மேல ஒரே ஒரு ஸ்லீவ் இருந்துச்சு. மருந்தடிக்கிற மிஷினோட எஞ்சினுக்குள்ள, பிஸ்டன் ஏறி எறங்கற இரும்புக் குழாய். டீ கிளாஸைவிடச் சின்னது. சுவரு ரொம்ப மெலிசு. அந்தச் சுவத்துல புகை போறதுக்கு ஒரு ஜன்னல் வெட்டோணும்.

மருந்து மிஷின்காரரு மிஷினை முதுகுல மாட்டிக்கிட்டு தோட்டம் தோட்டமா மருந்தடிச்சுப் பொழைக்கறவரு. எஞ்சின் ரொம்பப் பழசு. எங்கெங்கயோ அலைஞ்சு மூணு ஸ்லீவ் கொண்டாந்து குடுத்தாரு. ரெண்டு போச்சு. ரெண்டும் சென்னியப்பன் கையிலதான் போச்சு.

மொதல்ல ஒண்ணை, நசுங்கிடுமோன்னு வைஸ்ல, அதான் அந்த இரும்புப் புடியில, லேசாப் புடிச்சாரு. கட்டர் தொட்டதும் ஸ்லீவ் புடுங்கிக்கிட்டுப் பறந்துச்சு. விஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். நிமுந்து பாத்தா மில்லிங் மிஷினுக்கு அந்தப் பக்கத்துச் சுவத்துல காரை பேந்து செங்கல் தெரியுது. அதுல இருந்து அந்தப் பக்கம் அவரு கால் வெக்கறதில்ல.

அடுத்ததை விடக் கூடாதுன்னு, ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் புடிச்சு, ஒடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கினாரு. கடைசி இழுப்புல 'டிக்'குன்னு ஒரு சத்தம். பல்லி சொல்லுதுன்னு நெனச்சாரு. பல்லி இல்ல. ஸ்லீவுல மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல்.

"மிச்சமிருக்கற இதையும் நீங்களே வெட்டுங்கண்ணா"ன்னாங்க கருணாம்பாள்.

"வேண்டாமுங்க அம்மிணி. நான் எங்கயாச்சும் வாட்ச்மேனாப் போயிக்கறேன். கேட்டுக் கதவு பறந்து வராது."

"இறுக்கிச் சாத்தி அதையும் உடைச்சுப் போடுவீங்க."

அவருக்குச் சிரிப்பு வரல. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எவ்வளவு இறுக்கறது?"

"தெரியலீங்கண்ணா."

"உங்களுக்குமா?"

"இப்படி வெறும் வைஸ்ல புடிச்சா, லேசா இறுக்கினாப் பறக்கும், நல்லா இறுக்கினா உடையும். நடுவுல எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிட்டு கடைசல் லேத்துக்குப் போயிட்டாங்க. ஒரு அலுமினியக் கட்டையை மாட்டினாங்க. உள்ள கொடைஞ்சாங்க. அளந்தாங்க. மறுபடி கொடைஞ்சாங்க. ஸ்லீவை நொழைச்சுப் பாத்துட்டு, தலையை ஆட்டிட்டு, இன்னும் ஒரு இழை எடுத்தாங்க. டீ வந்து ஆறிப் போச்சு.

சென்னியப்பன் ரெண்டு தடவை வாட்சைப் பாத்தாரு. "இந்நேரத்துக்கு ஜன்னலே வெட்டியிருக்கலாமுங்க."

"வெட்டியிருக்கலாம்"னாங்க. மிஷினை நிறுத்தல.

மதியச் சங்கு ஊதறப்ப அந்தக் கட்டை ஒரு புஷ்ஷா மாறியிருந்துச்சு. ஸ்லீவை உள்ள விட்டா சுத்தியும் ஒரு எடம் பாக்கியில்லாம ஒட்டி நிக்கற ஒரு அலுமினியச் சட்டை. ஒரு பக்கம் நெடுக ஒரு பிளவு, வைஸ் நெருக்கினா சட்டை ஒண்ணு போலச் சுருங்கறதுக்கு. மேல கட்டர் எறங்க ஒரு வாசல்.

ஸ்லீவைப் புஷ்ஷுக்குள்ள போட்டு, புஷ்ஷை வைஸ்ல வெச்சு, ஒரு கையால கைப்பிடியை இழுத்து விட்டாங்க.

"அவ்வளவுதானுங்களா?"

"ஆட்டிப் பாருங்க."

ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டினாரு. மரச் சுத்தியில தட்டிப் பாத்தாரு. அசையல. ஆனாலும் கை தானாக் கைப்பிடிக்குப் போச்சு. "இன்னும் அரைச் சுத்து..."

"வேண்டாம். மிஷினைப் போடுங்க. எனக்குப் பசிக்குது."

டிபன் கேரியரை எடுத்தாங்க. ஸ்டூலை எடுத்தாங்க. மிஷினுக்கு அந்தப் பக்கம், செங்கல் தெரியற சுவத்துக்கு நேரா போட்டு உக்காந்து, மூடியைத் தொறந்தாங்க. தக்காளி சாதம்.

சென்னியப்பன் பட்டன்கிட்டப் போன கையை எடுத்துட்டாரு. "அம்மிணி, அங்க வேண்டாமுங்க."

"ஏனுங்?"

"ஏனா! செவுத்தைப் பாருங்க!"

"பாத்துட்டுத்தான் உக்காந்தேன். ஃபேன் காத்து இங்கதான் வருது. போடுங்கண்ணா, சோறு ஆறுது."

பட்டனை அழுத்தினாரு. கட்டர் சுத்துச்சு. சக்கரத்தை ஒரு நூலளவு திருப்பினாரு. கட்டருக்கும் ஸ்லீவுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. இன்னும் ஒரு நூல். வெளிச்சம் போச்சு.

கிர்ருன்னு தொட்டுச்சு.

கண்ணை மூடோணும்னு இருந்துச்சு அவருக்கு. மூடல. கட்டருக்கு நேரா அந்தப் பக்கம் ஒரு நெத்தி, அதுல ஒரு குங்குமப் பொட்டு, மெல்லுற வாய். கறுப்புப் பொடி கொட்டிட்டே இருந்துச்சு. கழுத்துல வேர்வை ஓடுச்சு, தொடைக்கக் கை எடுக்கல. கட்டர் ஸ்லீவோட சுவத்தைத் தாண்டி உள்ள போற நேரத்துல கொஞ்சம் இழுத்துச்சு. அவரு சக்கரத்தை விடல.

ஸ்லீவ் அப்படியே நின்னுச்சு.

ஜன்னல் வெட்டி முடிஞ்சுது. மிஷினை நிறுத்தி, வைஸைத் தளத்தினாரு. ஸ்லீவ் கையில வழுக்கிட்டு வந்துச்சு. மேல ஒரு கீறல் இல்ல. ஓரத்துப் பிசுறை எடுத்து, எண்ணெய் தொட்டு பிஸ்டனை விட்டாரு. அது தன் பாரத்துலயே மெதுவா எறங்கிப் போச்சு.

கருணாம்பாள் கேரியரைக் கழுவிட்டு வந்தாங்க. சென்னியப்பனுக்கு இப்பத்தான் கோவம் வந்துச்சு.

"என் கைய நம்பி அங்க போய் உக்காந்தீங்களே அம்மிணி. உங்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருந்துச்சா, இல்லையா?"

"பயந்துட்டுத்தானுங்கண்ணா காலையில இருந்து அந்தப் புஷ்ஷைக் கடைஞ்சேன்"னாங்க. "உக்காரும்போது பசி மட்டும்தான் இருந்துச்சு."