உப்புக்காரன் வீட்டுச் சத்தம்

“அம்மா, எங்கள் பக்கத்து வீட்டு ஹோ உளவாளிதான். எனக்குச் சந்தேகமே இல்லை” என்றாள் சுயின்.

குவான் அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தாழியின் வாயில் காதை வைத்துக் குப்புறக் கிடந்தாள்.

சீன தேசத்தில் சிற்றரசர்கள் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஊரை எதிரிப்படை வளைத்திருந்தது. மதிலுக்கு உட்புறமாகக் குழி வெட்டிப் பெரிய பெரிய தாழிகளைப் புதைத்து, வாயைத் தோலால் இறுகக் கட்டியிருந்தார்கள். பூமிக்கடியில் எவனாவது சுரங்கம் தோண்டி வந்தால் தோலில் சத்தம் வரும். அதைக் கேட்டுச் சொல்வதுதான் குவான் அம்மாளின் வேலை. கூப்பிட்டால் ஏனென்று கேட்கமாட்டாள். அதனால் காவல்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் செவிட்டம்மா.

சுயின் அவளிடம் வேலை பழகுகிறவள். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை.

“அம்மா!”

“கேட்கிறது. என்ன செய்தான்?”

“தோண்டுகிறான். சுவரில் காது வைத்துக் கேட்டேன். டொக், டொக். வடக்கேயிருந்து வந்தவன், பேச்சே ஒரு தினுசு. உப்பு விற்கிறானாம், உப்பு! அடைத்துக் கிடக்கிற ஊரில் உப்பு ஏது? எதிரிக்கு வழி வெட்டுகிறான். தளபதியிடம் சொல்லுங்கள்.”

“சொன்னால் தலையை எடுத்துவிடுவார்கள்.”

“எடுக்கட்டும். எனக்கு என் பிள்ளை வேண்டும்.”

குவான் அம்மாள் எழுந்து அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“வா.”

கோயில் பக்கத்துத் தாழியில் சுயின் காது வைத்தாள். டொக், டொக்.

கொல்லர் தெருத் தாழி. டொக், டொக், டொக்.

“இங்கேயும் உளவாளியா?” என்றாள் குவான் அம்மாள்.

“இருப்பார்கள். அந்தக் கொல்லன் முழியே சரியில்லை.”

கடைசியாகச் சுயினின் தெரு. தோலில் காது பட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“கேட்கிறது! அவன்தான்!”

“நேற்று இங்கே இரண்டு மண்வெட்டி கேட்டது. இன்றைக்கு ஒன்றுதான்.”

“பார்த்தீர்களா, கூட்டாளி வேறு! அந்த இன்னொன்று எங்கே போய்த் தொலைந்தது?”

“என் முன்னால் நிற்கிறது.”

சுயின் முதுகுத் துணியை இறுக்கிக்கொண்டாள்.

“அது… பிள்ளையை ஒளித்து வைக்க ஒரு குழி, அம்மா. அவர்கள் உள்ளே வந்துவிட்டால்…”

“ஹோவுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.”

குழந்தை சிணுங்கியது. சுயின் உடம்பை ஆட்டி ஆட்டி அதை அடக்கினாள்.

“ஊரே வீட்டுக்குள் குழி தோண்டுகிறது. இதற்கு நடுவில் எதிரி வெட்டுகிற சத்தத்தை நான் எங்கே போய்க் கேட்க?”

“அவன் முதலில் நிறுத்தட்டும். நானும் நிறுத்துகிறேன்.”

“நேற்று அவனும் இதையேதான் சொன்னான்.”

“நேற்றா? இங்கே எதற்கு வந்தான்?”

“நீ உளவாளி என்று சொல்ல.”

சுயினின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

“நீங்கள் தளபதியிடம்…”

“எனக்குத்தான் காது கேட்காதே” என்று குவான் அம்மாள் மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டாள்.

சுயின் வீட்டுக்கு வந்தாள். ஹோ தன் வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவள் அவன் கையையே பார்த்தாள். அவன் அவள் கண்ணையே பார்த்தான்.

முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். குழந்தையை முன்னால் எடுத்தாள்.

“அண்ணே, இவளைக் கொஞ்சம் பிடியுங்கள். குழியை மூட எனக்கு இரண்டு கையும் வேண்டும்.”

ஹோ மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கையை அங்கியில் துடைத்துத் துடைத்து நீட்டினான்.